ஜான் நியூட்டனின் நாற்பது ஆண்டுகள்



நம் சபைகளில் இரண்டு பேர் புதிதாக அறிமுகமானால் சீக்கிரமே ஒரு கேள்வி வரும்: "பிரதர், நீங்க எப்ப இரட்சிக்கப்பட்டீங்க?" பதிலுக்கு ஒரு தேதி வரும். கன்வென்ஷன் பந்தல், வாலிபர் முகாம், மருத்துவமனைக் கட்டில் என்று ஓர் இடமும் வரும். அந்தத் தேதியை நான் மதிக்கிறேன். தன் வாழ்க்கை திசைமாறிய நாளை மறக்காமல் வைத்திருப்பது நன்றியுள்ள மனதின் அடையாளம். ஆனால் நம் சாட்சிகளில் பெரும்பாலானவை அந்தத் தேதியோடு முடிந்துபோகின்றன. முன்பு குடித்தேன், சூதாடினேன், கோபக்காரனாக இருந்தேன், ஆண்டவர் என்னைத் தொட்டார், விட்டுவிட்டேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஓடிய இருபது, முப்பது ஆண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை இராது. பிறந்த நாளை மட்டும் சொல்லி, வளர்ந்ததைச் சொல்லாமல் விடுகிறோம்.

"மறுபடியும் பிறத்தல்" பற்றிப் பேசுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு நடப்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதற்கு நாம் எல்லோரும் அறிந்த ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். 'அமேசிங் கிரேஸ்' என்ற பாடலை எழுதிய ஜான் நியூட்டன்.

அவருடைய கதை நம் பிரசங்க மேடைகளில் இப்படித்தான் சொல்லப்படுகிறது: அடிமைகளை ஏற்றிச்சென்ற கப்பலின் தலைவன், நடுக்கடலில் புயல், முழங்கால் படியிட்டான், கப்பலைத் திருப்பினான், அடிமைகளை விடுதலை செய்தான், பாடலை எழுதினான். கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் இப்படி நடக்கவில்லை. நடந்தது இதைவிடச் சங்கடமானது. அதனாலேயே நமக்கு அதிகம் தேவையானது.

நியூட்டன் 1725இல் லண்டனில் பிறந்தார். தகப்பனார் கப்பல் தலைவர். வேதவசனமும் ஞானப்பாட்டும் சொல்லிக்கொடுத்த தாய், அவருக்கு ஏழு வயது நிறையுமுன் இறந்துவிட்டார். பதினோரு வயதில் கடலுக்குப் போன பையன், இளமையில் கட்டாயமாகக் கடற்படையில் பிடித்துப் போடப்பட்டான். தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி பட்டான். பிறகு மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய சியரா லியோன் கரைக்கு அருகில், ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்து, சோற்றுக்கும் துணிக்கும் வழியில்லாமல் கிடந்தான். தகப்பனாரின் வேண்டுகோளின்பேரில் தேடி வந்த ஒரு கப்பல் அவனை ஏற்றிக்கொண்டது. அதன் பெயர் 'கிரேஹவுண்ட்'. அது அடிமைக் கப்பல் அல்ல. தங்கமும் யானைத் தந்தமும் தேன்மெழுகும் சாயமரமும் ஏற்றிய வாணிபக் கப்பல். அதில் நியூட்டன் வெறும் பயணி. கடலோடிகளே காதைப் பொத்திக்கொள்ளும்படி தேவதூஷணம் பேசுகிறவன் என்று பெயர் எடுத்திருந்தான்.

1748 மார்ச்சில் ஓர் இரவு, வட அட்லாண்டிக்கில் புயல் அந்தக் கப்பலைப் பிளந்தது. மேல்தளத்துக்கு ஏறப்போன நியூட்டனை ஒரு கத்தி எடுத்துவரும்படி திருப்பி அனுப்பினார்கள். அவனுக்குப் பதிலாக மேலே போனவனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. நண்பகல் நெருங்கும்வரை தண்ணீர் இறைத்தார்கள். பிறகு அவன் சுக்கானைப் பிடித்து மணிக்கணக்காக நின்றான். 'கர்த்தர் இரங்கவேண்டும்' என்ற பொருளில் ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து தானாக வந்துவிட்டதைக் கேட்டுத் திடுக்கிட்டான். எனக்கு எப்படி இரக்கம் கிடைக்கும் என்ற கேள்வியோடுதான் அவன் சுக்கானில் நின்றான். ஏறக்குறைய நான்கு வாரம் கழித்து, உணவு தீர்ந்த நிலையில், அயர்லாந்தின் வடகரையில் கப்பல் ஒதுங்கியது. அந்தப் புயல்நாளை நியூட்டன் தள்ளாத வயதுவரை ஆண்டுதோறும் ஜெபத்தோடு அனுசரித்தார். இரட்சிக்கப்பட்ட தேதி என்று நாம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

அதற்குப் பிறகு என்ன செய்தார்? தூஷணம் நின்றது. வேதம் வாசித்தார். அதே ஆண்டு ஓர் அடிமைக் கப்பலில் துணை அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தார். 1750 முதல் 1754வரை மூன்று பயணங்களில் தாமே தலைவராக இருந்து அடிமைக் கப்பல் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகப்பட்ட சிறுவர்களைக் கட்டைவிரல் நெரிக்கும் திருகுக் கருவியில் மாட்டி உண்மையைக் கறந்ததை, தம் கப்பல் நாட்குறிப்பில் சாதாரண வேலை போல எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் தம் வரலாற்றை எழுதியபோது, தேவனோடு மிக இனிமையாக உறவாடிய நேரங்கள் அந்த ஆப்பிரிக்கப் பயணங்களில்தான் கிடைத்தன என்றும் சொல்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். அவர் வேஷக்காரர் அல்ல. அவருடைய ஜெபம் பொய்யல்ல. மேல்தளத்தில் நடந்த தியானமும் உண்மை, கீழ்த்தளத்தில் கேட்ட முனகலும் உண்மை. இரண்டுக்கும் நடுவே இருந்தது சில அங்குலப் பலகைதான். அந்தப் பலகையைத் தாண்டி அவருடைய ஜெபம் கீழே இறங்கவில்லை.

நியாயத்துக்காக இதையும் சொல்லவேண்டும். தாம் ஒரு சிறைக்காவலனைப் போல உணர்ந்ததாகவும், வேறு மனிதத்தன்மையுள்ள தொழிலைத் தரும்படி தேவனிடம் கேட்டதாகவும் நியூட்டன் எழுதியிருக்கிறார். ஆனால் விலங்கும் சங்கிலியும் மனதுக்குப் பிடிக்காமல் போவது வேறு; இந்த வியாபாரமே பாவம் என்று அறிவது வேறு. அந்த அறிவு அப்போது வரவில்லை. அவர் கடலை விட்டதும் மனச்சாட்சியால் அல்ல. 1754 நவம்பரில், அடுத்த பயணத்துக்குத் தயாராக இருந்தபோது, மனைவியோடு தேநீர் அருந்திக்கொண்டிருந்தவருக்கு வலிப்பு வந்தது. கடற்பயணம் வேண்டாம் என்றார்கள் மருத்துவர்கள். லிவர்பூலில் சுங்கத்துறை வேலை கிடைத்தது. 1764இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்ற சிற்றூருக்குப் போனார். 1773 புத்தாண்டு ஆராதனைக்காக, நாம் கண்ணீரோடு பாடுகிற அந்தப் பாடலை எழுதினார். அப்போதும் அடிமை வியாபாரத்துக்கு எதிராக அவர் பொதுவில் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

1788இல்தான் பேசினார். ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். புயலடித்து நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தாம் அதில் பங்குகொண்டதை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். தாம் கண்டதையும் கேட்டதையும் மறைக்காமல் எழுதினார். இரவில் அழுத ஒரு கைக்குழந்தையை, தூக்கம் கெடுகிறது என்று தாயின் கையிலிருந்து பிடுங்கிக் கடலில் எறிந்த ஒரு கப்பல் அதிகாரியைப் பற்றியும் அதில் சொல்கிறார். அந்தக் குழந்தையின் கதை எத்தனை ஆண்டு அவருக்குள் கிடந்திருக்கும்! எத்தனை நற்கருணைகள், எத்தனை பிரசங்கங்கள் அதன்மேல் நடந்து போயிருக்கும்! பிரதிகள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டன. விசாரணைக் குழுக்களின் முன்னும் நியூட்டன் போய்ச் சாட்சி சொன்னார். அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் கண்மூடினார்.

புயலுக்குப் பிறகும் வெகுகாலம் தம்மை முழுப்பொருளில் விசுவாசி என்று சொல்ல முடியாது என்று நியூட்டனே 1764இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதினார். நாம் அவருக்குத் தந்த நாடகக் கதையைவிட அவர் தமக்கே தந்த தீர்ப்பு கடுமையானது, நேர்மையானது.

ஏன் நாற்பது ஆண்டு? சகேயுவை நினைத்துப் பாருங்கள். இயேசு வீட்டுக்குள் வந்த அன்றே அவன் கணக்குப் புத்தகத்தைத் திறந்தான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாக வாங்கியது நாலத்தனை. ஒரே நாளில் கிருபை அவனுடைய பணப்பெட்டி வரைக்கும் போய்விட்டது. நியூட்டனுக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம்? எனக்குத் தோன்றுகிற காரணம் இதுதான். சகேயுவின் தொழிலை எரிகோ ஊரே வெறுத்தது. ஆயக்காரன் பாவி என்று தெருவில் போகிற சிறுவனும் சொல்வான். நியூட்டனின் தொழிலையோ இங்கிலாந்து மதித்தது. லிவர்பூலின் மாளிகைகள் அதில் எழுந்தன. கனவான்கள் அதில் முதலீடு செய்தார்கள். ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களின் செல்வம் அது. ஊர் பழிக்கும் பாவத்தை விட ஒரு புயல் போதும். ஊர் மதிக்கும் பாவத்தை விட ஒரு புயல் போதவில்லை. குடிகாரனுக்குத் தன் குடி பாவம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் மனைவியின் முகமே சொல்லும். எல்லோரும் செய்வதை, தகப்பனார் செய்ததை, சபையார் ஒப்புக்கொள்வதைச் செய்கிறவனுக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

வேதமும் இதை மறைக்கவில்லை. பேதுருவைப் பாருங்கள். பெந்தெகொஸ்தே நாளில் பரிசுத்த ஆவியால் நிரப்பப்பட்டவர். அவருடைய பிரசங்கத்தில் மூவாயிரம் பேர் சேர்க்கப்பட்டார்கள். அப்படிப்பட்டவர், கொர்நேலியு என்ற புறஜாதியானின் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க, யோப்பாவில் வீட்டின்மேல் மூன்றுமுறை அதே தரிசனம் காட்டவேண்டியிருந்தது. கொர்நேலியுவின் வீட்டில் பரிசுத்த ஆவி இறங்கியதைக் கண்ணால் கண்டார். பின்பு அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிப்போனார். பவுல் எல்லோருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார். அப்போஸ்தலருக்கு இருந்த தடுமாற்றம் உபதேசத்தில் இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் இருந்தது. தம் இனத்தார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயத்தில் இருந்தது.

கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பழைய மனுஷனைக் களைந்து புதிய மனுஷனைத் தரித்துக்கொள்வதைப் பற்றி பவுல் பேசும் இடத்தை வீட்டில் நிதானமாக வாசித்துப் பாருங்கள். புதிய மனுஷன் யார் என்று சொன்ன கையோடு அவர் என்ன சொல்கிறார்? அங்கே கிரேக்கன் யூதன் என்ற பேதம் இல்லை, அந்நியன் இல்லை, அடிமை சுயாதீனன் இல்லை. மறுபடியும் பிறந்தவனின் முதல் அடையாளங்களில் ஒன்றாக, பிறப்பால் வந்த மேடு பள்ளம் மறைவதைச் சொல்கிறார். நாமோ அந்த வசனத்தைத் தியானத்துக்கு வைத்துக்கொண்டு, பந்திக்கு வேறு வழக்கத்தை வைத்துக்கொண்டோம்.

நியூட்டனின் வாழ்க்கை இங்கே தமிழ் மண்ணைத் தொடுகிறது. 1790களில் லண்டனில் மனக்கலக்கத்தோடு அவரிடம் ஆலோசனை கேட்டு வந்த இளைஞர்களில் ஒருவர் டேனியல் வில்சன். அவர் 1832இல் கல்கத்தாவின் பேராயரானார். மறு ஆண்டே தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, வேப்பேரிச் சபைகளில் சாதிக்கொரு இடத்தில் உட்காருவதும், நற்கருணைக்கு முன்பின்னாக வருவதும் வழக்கமாக இருந்தது. அது உடனே, முழுதாக, திரும்ப வராதபடி ஒழியவேண்டும் என்றார். பலர் கீழ்ப்படியவில்லை. கூட்டமாக ஆராதனையை விட்டு வெளியேறினார்கள். இயேசுவை விடவில்லை, ஆலயத்தில் பக்கத்தில் உட்காருவதைத்தான் மறுத்தார்கள்.

அந்த நாட்களில் தஞ்சையில் வாழ்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் கையில் வளர்ந்தவர். அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் நம் தமிழ் ஆராதனை இல்லை. கிறிஸ்துவின்மேல் அவருக்கிருந்த அன்பை அளக்க எனக்குத் தகுதியில்லை. அவர்தான் சாதி வழக்கத்தைத் திருத்துவதை எதிர்த்து 1829இல் ஒரு நூல் எழுதினார். மிஷனரிகளின் கைக்கடுமையும், நம் பாட்டையும் பழக்கத்தையும் அவர்கள் மதிக்காமல் போனதும் அவரைப் புண்படுத்தியிருந்தன. அது உண்மையான காயம். இருந்தாலும் அந்த நூல் எழுதப்பட்டது. பக்தியில் பழுத்த ஒருவருக்கும் கிருபை இன்னும் எட்டாத ஓர் இடம் இருக்கக்கூடும். சாஸ்திரியாருக்கு இருந்தது என்றால், நமக்கு இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வோம்? கத்தோலிக்க சபையிலும் இதே கதைதான். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தில் இரண்டு சாதியாரைப் பிரிக்கச் சுவர் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் அதை இடிக்கச் சொன்னபோது, எங்கள் உரிமை போகிறது என்று வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

சுவர் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைத் திருமண விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். "மறுபடியும் பிறந்த, ஜெபவாழ்க்கையுள்ள மணமகன் தேவை." அடுத்த வரியிலேயே சாதியின் பெயர். எனக்கு இதைவிட வேதனையான வாக்கியம் தெரியாது. மறுபடியும் பிறந்தவன் வேண்டுமாம். ஆனால் முதல் பிறப்பின் சான்றிதழும் கையோடு வேண்டுமாம். இரவில் வந்த நிக்கொதேமுவிடம் இயேசு பேசியதே, மாம்சத்தால் வந்த பிறப்பு தேவராஜ்யத்துக்குப் போதாது என்பதைத்தானே? அந்தப் போதாத பிறப்பைத்தான் நாம் விளம்பரத்தில் அச்சடிக்கிறோம். இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டாக இருக்கிறது. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறவர்கள், எழுந்திருக்கும் நாளிலும் பக்கத்தில் யார் இருக்கவேண்டும் என்று முன்னதாகவே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள்.

உள்ளான மாற்றம் அப்படியானால் எப்படித்தான் வரும்? தனியறை ஜெபம் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு நியூட்டனின் கப்பலே சாட்சி. அவரைச் சுற்றிக் குரல்கள் எழவேண்டியிருந்தது. குவேக்கர் சபையார் அடிமை முறையை எதிர்த்து நெடுநாளாகப் பேசினார்கள். ஜான் வெஸ்லி 1774இல் அடிமைத்தனத்துக்கு எதிராக எழுதினார். 1785 டிசம்பரில் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ், யாரும் பார்க்கிறார்களோ என்ற அச்சத்தோடு தெருவைச் சுற்றி நடந்துவிட்டு, நியூட்டனின் கதவைத் தட்டினார். அரசியலை விட்டு ஊழியத்துக்கு வரட்டுமா என்று கேட்க வந்தவரை, இருக்கும் இடத்திலேயே இருந்து தேவனுக்கு உழைக்கச் சொன்னார் நியூட்டன். போதகர் இளைஞனுக்கு வழிகாட்டினார்; அடிமை வியாபாரத்துக்கு எதிராக அந்த இளைஞன் எடுத்துக்கொண்ட போராட்டம் போதகரைப் பேசவைத்தது. பேதுருவுக்கு ஒரு பவுல் தேவைப்பட்டார். முகமுகமாய்ச் சொல்ல ஆள் இல்லாத விசுவாசி ஆபத்தில் இருக்கிறான். சபை என்று ஒன்றைக் கிறிஸ்து ஏற்படுத்தியது கூடிப் பாடுவதற்கு மட்டும் அல்ல.

பொறுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஆண்டவர் மெல்ல மெல்ல மாற்றுவார்" என்று நாம் ஆறுதலாகச் சொல்லிக்கொள்கிறோம். பாவியாகிய எனக்கு அது ஆறுதல்தான். நிக்கொதேமுவுக்கும் காலம் கொடுக்கப்பட்டது. இரவில் வந்தவர், பிறகு ஆலோசனைச் சங்கத்தில் விசாரியாமல் தீர்ப்பு செய்யலாமா என்று கேட்டார். கடைசியில் நூறு இராத்தல் சுகந்தவர்க்கத்தைத் தூக்கிக்கொண்டு வெளிப்படையாகவே சிலுவையண்டை வந்தார். அவர் எந்த நாளில் மறுபடியும் பிறந்தார் என்று யோவான் எழுதவில்லை. ஆனால் நாம் மெல்ல மாறுகிற காலத்தில், அதற்கு விலை கொடுப்பது யார்? கிருபை நியூட்டனுக்காக நாற்பது ஆண்டு காத்திருந்தது. கப்பலின் கீழ்த்தளத்தில் கிடந்தவர்களால் காத்திருக்க முடியவில்லை. அவர்கள் செத்தார்கள், விற்கப்பட்டார்கள். நம் தாமதத்தின் வட்டியை நாம் கட்டுவதில்லை. வேறொருவன் கட்டுகிறான்.

ஆகையால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்தமுறை சாட்சி சொல்ல எழும்போது தேதியோடு உட்கார்ந்துவிடாதீர்கள். கடந்த ஓராண்டில் ஆண்டவர் உங்களிடம் புதிதாக எதைச் சுட்டிக்காட்டினார், யாரிடம் போய் மன்னிப்புக் கேட்டீர்கள், எந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரே, விளம்பரம் எழுதும்போது அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள். அடித்ததை உங்கள் பிள்ளைகளிடமும் சொந்தக்காரர்களிடமும் சொல்லுங்கள். கமிட்டியில் இருக்கும் பெரியவர்களே, உங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் இரண்டாக இருந்தால், வருகிற கூட்டத்திலேயே அதைப் பொருளாக வையுங்கள். முதல் முறை தோற்றால் மறுபடியும் வையுங்கள். போதகர்களே, அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவருகிறவன் தனியாக நிற்க விடாதீர்கள்.